பாதியில் விலகியவர்கள்

காட்டு மூலிகை ஆராய்ச்சி நிறுவனத்தின் வாசலில் ஒரு பதிவேடு உண்டு. பெயர், வந்த நேரம், வந்த காரியம் என்று கட்டம் கட்டியிருப்பார்கள். முதல் நாள் நான் காரியம் என்ற கட்டத்தில், 'என் மனைவி எதனால் செத்தாள் என்று தெரிந்துகொள்ள' என்று எழுதினேன். கட்டம் சின்னது. பாதி வாக்கியம் எனக்குப் பின்னால் வரப்போகிறவரின் கட்டத்துக்குள் போய்விட்டது. காவலாளி அதைப் படித்தார். அவருக்குக் கோபம் வரவில்லை, வருத்தம்தான் வந்தது.

"இப்படியெல்லாம் எழுதக்கூடாதுங்க. கூட்டம், சரக்கு, பழுது. இந்த மூணுல ஒண்ணுதான் எழுதணும்."

"நான் இந்த மூணுக்குமே வரலீங்களே."

அவர் என் தோளில் தொங்கிய பையை எட்டிப் பார்த்தார். ஸ்பேனர், கேஸ் குழாய், மீட்டர் எல்லாம் துருத்திக்கொண்டிருந்தன.

"ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கா? அப்புறம் என்ன, பழுதுன்னு போடுங்க. அது பொய்யா?"

பொய்யில்லைதான். இருபத்தெட்டு வருஷமாகக் குளிர்பெட்டிகளைத்தான் கட்டி அழுகிறேன். முதலில் எழுதியதை அடித்துவிட்டு 'பழுது' என்று எழுதினேன். அந்த ஒரு சொல்லால் அடுத்த ஒன்றரை வருஷம் அந்த நிறுவனத்தில் என்னைக் கண்டவர்கள் எல்லாரும் முதலில் ஒரு குளிர்பெட்டியைக் காட்டினார்கள், அதற்கு அப்புறம்தான் என்ன வேண்டும் என்று கேட்டார்கள்.

நடந்தது இதுதான். என் வீட்டுக்காரி தையல் மெஷினை மிதித்தே முழங்காலைத் தேய்த்துக்கொண்டவள். மாடிப்படி ஏறினால் ஒவ்வொரு படிக்கும் ஒரு 'அம்மா' போடுவாள். ஒரு வீட்டில் ஃப்ரிட்ஜுக்கு கேஸ் ஏற்றிக்கொண்டிருந்தபோது அந்த வீட்டுக்காரர், ரயில் பாதை மேட்டில் கசப்பிலை என்று ஒரு செடி தானாக முளைத்துக் கிடக்கிறது, நாற்பது நாள் காய்ச்சிக் குடித்தால் மூட்டுவலி போன இடம் தெரியாது என்றார். சொன்னவர் மூட்டு நன்றாக இருக்கிற ஆசாமி. எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. தினமும் விடிந்ததும் நானே போய்ப் பறித்தேன். நானே கழுவினேன், நானே காய்ச்சினேன், நானே வடிகட்டி அவள் கையில் கொடுத்தேன். முப்பத்தாறாவது நாள் அவள் கண் மஞ்சளானது. நாற்பத்தொன்றாவது நாள் ஆஸ்பத்திரி. நாற்பத்துநான்காவது நாள் அவள் இல்லை.

டாக்டர் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். இலையைக் காட்டினேன். "இதாவும் இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, கல்லீரல் செயலிழப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

எங்களுக்கு ஒரே மகள். துணிக்கடையில் வேலை, அதே ஊரில் இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் குடித்தனம். அம்மா போன பத்தாம் நாள் வந்து என் முன்னால் நின்றாள்.

"டாக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாரு. நீங்களும் தெரியலைங்கறீங்க. எனக்குத் தூக்கமே வரலைப்பா. அந்த இலைதானா, இல்லையா? படிச்சவங்ககிட்ட கேட்டு ஒரு பேப்பர் வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் எனக்குப் போன் பண்ணாதீங்க."

"பேப்பர்ல ஆமான்னு இருந்தா?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள். அதுதான் பதில் என்று எனக்குப் புரிந்தது.

இனி நிறுவனத்துக்கு வருவோம். முதலில் என்னைச் செடிகளுக்குப் பெயர் சொல்லும் அதிகாரியிடம் அனுப்பினார்கள். அவருடைய அறையில் ஒரு குட்டிக் குளிர்பெட்டி நின்றுபோயிருந்தது. விதைகள் வைப்பதற்கு என்று எழுதியிருந்தது. உள்ளே அவருடைய தயிர் இருந்தது. ரிலே போயிருந்தது, மாற்றிக் கொடுத்தேன். அவர் என் கசப்பிலைக் கொத்தை வாங்கிப் பூதக்கண்ணாடியில் பார்த்தார்.

"பூ எங்கே?"

"இன்னும் பூக்கலீங்க."

"பூ இல்லாம நான் எந்தச் செடியையும் பார்க்கறதில்லை."

"என் வீட்டுக்காரி இலையைத்தாங்க குடிச்சா. பூவைத் தொடவே இல்லை."

"அப்போ உங்க வீட்டுக்காரம்மா எந்தச் செடியையுமே குடிக்கலைன்னுதான் நிறுவனம் எடுத்துக்கும்" என்றார் அவர், என்னைத் தேற்றுகிற குரலில். "பெயர் வைக்கிற வரைக்கும் அது வெறும் பச்சை. பூத்ததும் கொண்டாங்க."

ஐந்து மாசம் ரயில் பாதை மேட்டுக்கு நடையாய் நடந்தேன். ஆண்டவனே, ஒரு செடி பூப்பதற்காக மனுஷன் இப்படிக் காத்திருப்பானா? பெண்டாட்டியைக் கொன்றதா என்று தெரியாத செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பூத்துவிடு தாயே என்று கெஞ்சியவன் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். ஒருவழியாகப் பூத்தது. வெள்ளையாக, கடுகு அளவுக்கு. அதிகாரி அதை அமுக்கி, உலர்த்தி, அட்டையில் ஒட்டி, எண் போட்டு, இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார். இப்போது அது செடியாகிவிட்டது.

அடுத்தது வேதியியல் கூடம். அங்கே ஓர் ஆராய்ச்சி மாணவி, ஆறு வருஷமாக முனைவர் பட்டத்துக்கு உழைத்துக்கொண்டிருந்தாள். நல்ல பெண். நிறுவனத்தில் என்னை அண்ணா என்று கூப்பிட்ட ஒரே ஆள். கசப்பிலையை நிழலில் உலர்த்தி, பொடித்து, சாராயத்தில் ஊறவைத்து, வடித்து, ஒரு குழாயில் ஊற்றினாள். மஞ்சளான ஒரு மருந்தை அதில் விட்டாள். கொஞ்ச நேரத்தில் குழாய் முழுக்க மயில் கழுத்து நிறத்தில் நீலம் பூத்தது.

"பாருங்கண்ணா, எவ்வளவு நீலம்! அவ்வளவும் பீனால் சேர்மம்."

"அது நல்லதாம்மா?"

"ரொம்ப நல்லதுண்ணா." இன்னொரு குழாயில் கத்தரிப்பூ நிறத்தில் ஏதோ வைத்திருந்தாள். இலைச் சாறு பட்டதும் அந்த நிறம் வெளுத்து மஞ்சளானது. "இது ஆக்சிஜனேற்றத் தடுப்பு. எவ்வளவு வெளுக்குதோ அவ்வளவு சக்தி."

"ஆளைக் கொல்லுமா, கொல்லாதா? அதுக்கு எந்த நிறம்?"

அவள் குழாயைக் கீழே வைத்தாள். "அதுக்கு நம்மகிட்ட நிறம் இல்லண்ணா."

எனக்கு ஒரு யோசனை வந்தது. என் கையிலிருந்த டீயில் நாலு சொட்டு ஊற்றிப் பார்க்கச் சொன்னேன். கசப்பிலையைவிட அதிக நீலம்.

"நீலமாகாத இலைன்னு ஏதாவது இதுவரைக்கும் வந்திருக்காம்மா?"

அவள் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "இல்லண்ணா. செடின்னு இருந்தா நீலமாகும். ஒரு நாள் போரடிக்குதேன்னு துடைப்பக் குச்சியைப் போட்டுப் பார்த்தேன். அதுவும் ஆச்சு."

"அட, அப்புறம்?"

"அதுதான் என் ஆய்வேட்டுல நாலாவது அத்தியாயம்."

இந்த முடிவுகளோடு என்னை இயக்குநரிடம் கூட்டிப்போனார்கள். இயக்குநர் அறையில் குளிர்பெட்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் என்னைப் பார்த்ததும், வந்ததுதான் வந்தீர்கள், கதவு ரப்பரை ஒரு பார்வை பாருங்கள் என்றார். நான் முழங்காலிட்டு ரப்பரைத் துடைத்துக்கொண்டிருக்க, அவர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு என் தலைக்கு மேலே பேசினார்.

"மனுஷன்னா யாருன்னு நினைக்கிறீங்க? ஓர் இரும்பு ஆணி. காத்துல இருக்கற ஆக்சிஜன் நம்மளை உள்ளுக்குள்ள துருப்பிடிக்க வைக்குது. இந்த மாதிரி மூலிகை அந்தத் துருவைத் தடுக்குது. பத்தொன்பது வருஷமா இங்க இருநூத்துப் பதினோரு செடி சோதிச்சிருக்கோம். ஒண்ணுகூடத் தோத்ததில்லை. இப்படி ஒரு சாதனை வேற எந்த நிறுவனத்துக்காவது உண்டா?"

"இல்லீங்க" என்றேன். பரீட்சையில் ஒரு பிள்ளைகூடத் தோற்காத பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பேப்பர் திருத்துகிறாரா என்று கேட்கத் தோன்றியது. எள்ளு எண்ணெய்க்குக் காய்கிறது, எலிப்புழுக்கை எதற்குக் காய்கிறது என்பார்கள். படித்தவர்களுக்கு நடுவில் என்னத்தைக் கேட்பது? என் கேள்வியை மட்டும் கேட்டேன். "ஐயா, இதைக் குடிச்சதாலதான் என் வீட்டுக்காரிக்குக் கல்லீரல் போச்சா?"

"நல்ல கேள்வி" என்றார் இயக்குநர். "ஆனா இது கேள்வியாவே இருக்கு. நாங்க கேள்வியை எடுத்துக்கறதில்லை, நோக்கத்தைத்தான் எடுத்துக்குவோம். குழுவுக்கு எழுதிக் குடுங்க, அவங்க நோக்கமா மாத்திடுவாங்க."

குழுவில் ஏழு பேர். ஏழு பேரும் ஒரே மாதிரி தலையாட்டினார்கள். செயலாளர் ஒரு படிவத்தை எடுத்தார். மக்கள் வழிவழியாகப் பயன்படுத்தும் மூலிகைகளைப் பற்றிய படிவம். செடியின் பெயர், பயன்படும் பாகம், பயன்படுத்தும் முறை, எந்த நோய் என்று நான்கே கட்டங்கள். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்.

"பாகம்?"

"இலைங்க."

"முறை?"

"கசாயம். நாப்பது நாள்."

"நோய்?"

"முதல்ல மூட்டுவலி. அதுக்குக் குடிச்சா. அப்புறம்தான் கல்லீரல்..."

"ஒரு நோய்தாங்க எழுத முடியும். கடைசியா எது இருந்துச்சு?"

"கல்லீரல்தாங்க. அதுலதான் செத்தா."

'கல்லீரல்' என்று எழுதினார். நான் பதறிப்போய், ஐயா, அந்தக் கட்டத்தில் போட்டால் கல்லீரலுக்காகக் குடித்தாள் என்று ஆகிவிடாதா, குடித்ததால் கல்லீரல் போனது என்றல்லவா சொன்னேன் என்றேன். செயலாளர் படிவத்தை என் பக்கம் திருப்பி, அடியிலிருந்து மேல்வரை பேனாவால் காட்டினார். செடியால் வந்த நோய் என்று ஒரு கட்டமே இல்லை. இருபது வருஷத்துக்கு முந்தி அச்சடித்தது, கட்டுக்கட்டாக மிச்சம் இருக்கிறது, அது தீரும்வரை மாற்ற முடியாது என்றார். இன்னும் ஏழு வருஷத்துக்கு வருமாம்.

அப்படியாக, என் வீட்டுக்காரி எதனால் செத்தாள் என்ற கேள்வி, 'அப்பகுதி மக்களால் கல்லீரல் நோய்க்கு நெடுங்காலமாகப் பயன்படுத்தப்பட்டுவரும் கசப்பிலையின் கல்லீரல் காக்கும் ஆற்றலை நிறுவுதல்' என்ற நோக்கமாக மாறியது. அப்பகுதி மக்கள் என்பது அவள். நெடுங்காலம் என்பது நாற்பது நாள். ஏழு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். எனக்கும் ஒரு கையெழுத்து இருந்தது. போட்டேன். போடாவிட்டால் கோப்பு நகராது என்றார்கள், நகராவிட்டால் மகளுக்குக் கொடுக்கக் காகிதம் கிடைக்காது. என்னை யாரும் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

இதற்குப் பிறகு எலிகள். எலிகளுக்குக் கசாயம் கொடுத்து ஆறு வாரம் பார்ப்பார்கள் என்று மாணவி சொன்னாள். அந்த ஆறு வாரமும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் எழுந்ததும், இன்றைக்கு எலிகள் எப்படி இருக்கின்றனவோ என்றுதான் நினைப்பு ஓடும். எலி பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். எலி பிழைத்தால் நான் கொலைகாரன் இல்லை. எலிக்கூண்டு அறைக்குள் வெளியாட்கள் போகக்கூடாது. அங்கிருக்கிற குளிர்பெட்டி பழுதாகாமல் போய்த்தொலைந்தது என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

ஆறு வாரம் முடிந்து, அதற்கு மேல் நாலு மாசமும் ஓடியபிறகு இயக்குநரே என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வாழ்த்துகள்! கசப்பிலை கல்லீரலைக் காக்குது. எலிகளோட கல்லீரல் பளிங்கு மாதிரி இருக்கு!"

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், குழந்தை மாதிரி தேம்பித் தேம்பி அழுதேன். அப்படியென்றால் அவளை நான் கொல்லவில்லை. வேறு ஏதோ வியாதி, விதி, யாரும் தடுக்க முடியாதது. ஒன்றரை வருஷமாக நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ தூக்கி ஓரமாக வைத்த மாதிரி இருந்தது.

பாராட்டு விழா வைத்தார்கள். கூட்ட அரங்கில் என்னை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். பதிவேட்டில் அன்றைக்குக் 'கூட்டம்' என்று எழுத அனுமதி கிடைத்தது. ஆனால் அரங்கின் குடிநீர்க் குளிர்விப்பான் ஓடவில்லை என்று விழாவுக்கு முன்னால் அரை மணி நேரம் அதைப் பார்த்துக் கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். இயக்குநர் ஒலிபெருக்கியில் பேசினார்.

"இந்த எளிய மனிதரைப் பாருங்கள். இவர் அறிவியல் படித்தவர் அல்லர். ஆனால் அறிவியலுக்காகத் தம் துணைவியாரையே தந்தவர். அந்த அம்மையார் நாற்பது நாள் தவறாமல் கசாயம் அருந்தியதால்தான் இந்த மூலிகை நம் கவனத்துக்கு வந்தது. அவர் நலமாக இருந்திருந்தால் இவர் நம் வாசலுக்கு வந்திருப்பாரா? நம் நிறுவனம் அந்த அம்மையாருக்கு என்றென்றும் கடமைப்பட்டுள்ளது. அவரது பெயர் இப்போது என் நினைவில் இல்லை."

எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், என்ன செய்வது. எனக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். கசப்பிலை கல்லீரலைக் காக்கும் என்று நிறுவப்பட்டதாகவும், அதை அறிவியலுக்கு அறிமுகம் செய்தவர் நான் என்றும் எழுதி, கீழே குழுவின் ஏழு பேர் கையெழுத்து, தங்க நிற முத்திரை. பத்திரிகைக்காரர்கள் படம் பிடித்தார்கள். வீட்டுக்குப் போய்ச் சான்றிதழைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். போன் பண்ணாதே என்றுதானே சொல்லியிருந்தாள், அனுப்பாதே என்று சொல்லவில்லையே. அவள் பார்த்துவிட்டாள் என்று தெரிந்தது. பதில் வரவில்லை. பரவாயில்லை, பார்த்தாளே என்று இருந்தது.

மறுநாள் காலையில் நிறுவனத்திலிருந்து போன். எலிக்கூண்டு அறையின் பெரிய குளிர்பெட்டி நின்றுவிட்டது, நாற்றம் தாங்கவில்லை, உடனே வாருங்கள் என்றார்கள். ராஜா மாதிரி போனேன். காவலாளி எழுந்து நின்று சலாம் வைத்துவிட்டு, பதிவேட்டில் 'பழுது' என்று அவரே எழுதிக்கொண்டார்.

கூண்டு கழுவுகிற பெரியவர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார். தெர்மோஸ்டாட் கருகியிருந்தது. அதை மாற்றவேண்டுமென்றால் உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே எடுக்க வேண்டும். ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் அடுக்கினேன். பிளாஸ்டிக் பைகள். எரிக்க அனுப்புகிற வண்டி வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருமாம், அதுவரைக்கும் இங்கேதான். ஒவ்வொரு பையிலும் ஒரு வெள்ளை எலி, ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. 'கசப்பிலை, முழு அளவு, நாள் 17.' 'கசப்பிலை, முழு அளவு, நாள் 21.' 'நாள் 22.' 'நாள் 26.' 'நாள் 30.'

பைமேல் படிந்த பனி இளகிப்போயிருந்ததால் உள்ளே நன்றாகத் தெரிந்தது. வெள்ளை எலிகள்தான். ஆனால் காதும் பாதமும் மஞ்சள். அந்த மஞ்சளை நான் எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். அவள் கண்ணில் அதைத்தான் ஒரு வாரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பெரியவரே, கசாயம் குடிச்ச எலி மொத்தம் எத்தனை?"

"முழு அளவு குடிச்சது ஆறுங்க. ஒண்ணுதான் தப்பிச்சுது. அது பாதி நாள் கசாயத்தைத் துப்பிடும். கெட்டிக்கார எலி."

"வெறும் தண்ணி குடிச்சது?"

"அது ஆறும் கொழுகொழுன்னு இருந்துச்சு."

தெர்மோஸ்டாட்டை அப்படியே போட்டுவிட்டு, ஐந்து பைகளையும் ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனேன். அவர் அன்றைய செய்தித்தாளில் தன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டை அதன்மேல் வைத்தேன்.

"ஆறுல அஞ்சு செத்திருக்குங்க."

"சாகலை" என்றார் அவர் பொறுமையாக. "விலகிக்கிச்சு. ஆறு வாரம் முடியறதுக்குள்ள ஆய்வுல இருந்து பாதியில விலகினது. கடைசி நாள்ல ரத்தம் எடுத்துத்தான் சராசரி போடணும். செத்த எலி ரத்தம் குடுக்குமா? நீங்களே சொல்லுங்க."

"குடுக்காதுங்க."

"அப்போ அதை எப்படிங்க கணக்குல சேர்க்கறது? முழுசா முடிச்ச எலிகளை மட்டும்தான் எடுத்துக்கணும். அது விதி. முழுசா முடிச்ச எலியோட கல்லீரல் பிரமாதமா இருந்துச்சு."

"ஒரே ஒரு எலிங்க."

"அதனாலதான் முடிவு அவ்வளவு துல்லியமா வந்திருக்கு!" அவர் முகம் மலர்ந்தது. "ஆறு எலி இருந்தா ஆறும் ஆறு விதமாச் சொல்லும். இது ஒரே எலி, ஒரே முடிவு, இம்மி வித்தியாசம் இல்லை. வெளிநாட்டு இதழ்ல அதை ரொம்பப் பாராட்டியிருக்காங்க."

"அப்போ என் வீட்டுக்காரி?"

அவர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். அந்த ஆள்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீராததற்கு அந்தக் கைதான் காரணம். உண்மையான இரக்கத்தோடு வைத்தார்.

"அவங்களும் பாதியில விலகினவங்கதாங்க. மனசைத் தேத்திக்குங்க. அவங்களால எங்க முடிவுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை."

ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பெரியவர் பைகளை வாங்கி வைத்துக்கொண்டு, "ரிப்பேர் முடிஞ்சிடுச்சுங்களா?" என்று கேட்டார். தெர்மோஸ்டாட்டை மாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன். அந்த நாற்றத்தில் கிடக்க அந்த மனுஷன் என்ன பாவம் செய்தார்?

பஸ்ஸில் வரும்போது ஒரே ஒரு யோசனைதான். மகளிடம் சொல்ல வேண்டாம். சான்றிதழ் கையில் இருக்கிறது. முத்திரை இருக்கிறது, ஏழு பேர் கையெழுத்து இருக்கிறது. படித்தவர்களிடம் கேட்டு வா என்றாள், கேட்டாயிற்று. எலி கணக்கு எனக்கு மட்டும் தெரிந்தால் போதும். கொன்ற பாவத்தோடு இந்தப் பொய்யையும் நானே சுமந்துகொண்டு செத்துப்போகிறேன். என் பிள்ளை எனக்குத் திரும்பக் கிடைத்தால் அது போதாதா? வீட்டுத் தெருவுக்குள் நுழையும்போது நான் முடிவே செய்துவிட்டேன்.

வாசலில் மகளின் செருப்பு கிடந்தது. ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு. உள்ளே அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்டது. செய்தித்தாள் மேசைமேல் விரித்துக் கிடந்தது, என் படம் மேலே தெரிய. அவள் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, என்னை மன்னிச்சிடுங்கப்பா. நீங்கதான்னு மனசுல வெச்சு வெச்சுப் புழுங்கிட்டேன். எத்தனை நாள் உங்களைத் தனியா விட்டுட்டேன்."

"விடும்மா, விடு கண்ணு."

"நேத்து போட்டோ அனுப்பினீங்களே, ராத்திரி பூரா அதையேதான் பார்த்துட்டிருந்தேன். எங்க வீட்டுக்காரர்கூட சொன்னார், மாமாவைப் போய்ப் பாரு, பாவம்னு. அப்பா, நீங்க சாப்பிட்டீங்களா? எப்படி இளைச்சுப் போயிட்டீங்க! உட்காருங்க."

உட்கார்ந்தேன். என் பெண் என் வீட்டில் நடக்கிறாள், பேசுகிறாள், என்னைத் திட்டுகிறாள். இதற்காகத்தான் ஒரு செடியிடம் பூக்கச் சொல்லிக் கெஞ்சினேன். அப்போதுதான் அவள் நடையைக் கவனித்தேன். வலது காலைத் தாங்கித் தாங்கி வைத்தாள்.

"கால்ல என்னம்மா?"

"அம்மாவுக்கு வந்த அதே முட்டிவலிதாம்ப்பா. கடையில நாள் பூரா நின்னுகிட்டே இருக்கணும், உட்காரவே விடமாட்டாங்க." அவள் சிரித்துக்கொண்டே அடுப்படிக்குள் போனாள். "அதான் வர்ற வழியில ரயில் மேட்டுல இறங்கி ஒரு கட்டு பறிச்சிட்டு வந்தேன். பேப்பர்லயே போட்டுட்டாங்களே, கல்லீரலுக்கும் நல்லதுன்னு. நாப்பது நாளும் ஒழுங்கா குடிக்கப் போறேன்."

டம்ளரில் ஆற்றிக்கொண்டு வந்தாள். பச்சைக் கசப்பு வாடை கூடம் முழுக்க ஏறியது. இன்னும் சூடு தணியவில்லை, ஊதினாள். ஊதிவிட்டு உதட்டுக்குக் கொண்டுபோனாள்.

டம்ளரைத் தட்டிவிட்டேன். சுவரெல்லாம் கசாயம். அவள் கையிலும் கொட்டிவிட்டது. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னை அப்படியே பார்த்தாள்.

கை தவறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். உன் உடம்புக்கு ஆகாது என்று ஏதாவது உளறியிருக்கலாம். ஆனால் நாளைக்கு அவள் வீட்டில் அவளே காய்ச்சுவாள். கையில் என் சான்றிதழ் இருக்கிறதே.

"குடிக்காதம்மா. உங்கம்மாவை அதுதான் கொன்னுது."

"என்னப்பா சொல்றீங்க? பேப்பர்ல..."

"பேப்பர்ல இருக்கறது பொழைச்ச எலியோட கணக்கு. ஆறு எலி குடிச்சுது, அஞ்சு செத்துப்போச்சு. காலெல்லாம் மஞ்சள். இப்போ என் கண்ணால பார்த்துட்டு வர்றேன். செத்ததை அவங்க எழுதலை. அந்த இலைதாம்மா. நான்தான் குடுத்தேன்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். அப்புறம் கேட்டாள், சின்ன வயதில் சந்தேகம் கேட்பாளே, அதே குரலில்.

"குடிக்கும்போது அம்மாவுக்கு உடம்பு ஒண்ணுமே பண்ணலையாப்பா? நடுவுல வேணாம்னு அவங்க சொல்லவே இல்லையா?"

இதை அந்த நிறுவனத்தில் ஒருத்தரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுத அவர்களிடம் கட்டம் இருந்திருக்காது.

"சொன்னாம்மா. இருபதாம் நாளே சொன்னா. வயித்தைப் புரட்டுதுங்க, சோத்தைக் கண்டாலே குமட்டுதுங்க, போதும்னா. நான்தான் பாதியில விடக்கூடாது, நாப்பது நாள் முழுசா முடிச்சாத்தான் பலன்னு சொன்னேன். சரி, உங்க ஆசையைக் கெடுப்பானேன்னு சொல்லி, மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிச்சா. முழுசா முடிச்சா."

மகள் அழுவாள் என்று நினைத்தேன். ஓங்கி ஓர் அறை விடுவாள் என்றுகூட நினைத்தேன், விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் எழுந்தாள். துணியை நனைத்து வந்து சுவரைத் துடைத்தாள், தரையைத் துடைத்தாள். அடுப்பிலிருந்த மிச்சத்தைக் கொட்டி, பாத்திரத்தை மூன்று முறை தேய்த்துக் கவிழ்த்தாள். சுட்ட கையைத் தண்ணீரில் காட்டினாள். பிறகு வலிக்கிற காலை முன்னால் வைத்து, சுவரைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கித் தெருவுக்குப் போனாள்.

படியிறங்கும்போது அவள் 'அம்மா' என்றாள், ஒவ்வொரு படிக்கும். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.